பலன்ஸ் ஷாப்ற் கழற்றினதெண்டு பில் போட்டவை, ஒரு ஷாப்ற் உள்ளுக்கதான் கிடந்தது

யாழ்ப்பாணத்தில மிற்சுபிசி லான்சர் காருக்குள்ள அவையின்ர 4ஜி63 ரேர்போ எஞ்சின் போட்டு ஓடுற பெடியள் இருக்கினம். அவைக்குத்தான் இது. "பலன்ஸ் ஷாப்ற் கழற்றி, முழு கிற் போட்டுத் தாறம்" எண்டு ஒரு கராஜ் சொன்னால், கழற்றின ரெண்டு ஷாப்ற்றையும் கையில வாங்காமல் காசு குடுக்காதேங்கோ. கராஜின்ர பேரை இங்க போடேல்லை, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கு.

தெரியாத ஆக்களுக்கு: நாலு சிலிண்டர் எஞ்சினில கிராங் (பிஸ்ரன்கள் சுத்துற பெரிய தண்டு) ஒருக்காச் சுத்தேக்க ரெண்டு தரம் ஒரு உதறல் வரும். அதை அடக்கத்தான் பலன்ஸ் ஷாப்ற் எண்ட ரெண்டு பாரத் தண்டுகள், கிராங்கைவிட ரெண்டு மடங்கு வேகத்தில, ஒண்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாச் சுத்துது. மிற்சுபிசி இதை 1975இல 'சைலன்ற் ஷாப்ற்' எண்டு கொண்டுவந்தது. பிறகு போர்ஷேயே 944 காருக்கு அவையிட்ட உரிமம் வாங்கினது. "அது சும்மா சுத்துற பாரம் தம்பி, கழற்றினாப் பத்துப் பதினைஞ்சு ஹோர்ஸ் பவர் கூடும்" எண்டு கராஜ்காரர் சொன்னது வெறும் கதை.

ஆனால் கழற்றுறதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. இந்த எஞ்சினில ஒரு ஷாப்ற் ஒயில் பம்பின்ர கியரோட சேர்ந்து சுத்தும். மற்றதுக்குத் தனியா ஒரு சின்ன பெல்ட், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற ரைமிங் பெல்ட்டுக்குப் பின்னால ஓடுது. பழைய எஞ்சினில அந்தச் சின்ன பெல்ட் அறுந்தால், போய் ரைமிங் பெல்ட்டுக்குள்ள மாட்டி அதையும் இழுத்து விழுத்தும். அதோட வால்வ் பிஸ்ரனில அடிச்சு வளையும். கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில வாங்கிற எஞ்சின் என்ன ஓட்டம் ஓடினதெண்டு ஆருக்குத் தெரியும்? அந்தப் பயத்திலதான் நான் வேலையைக் குடுத்தது. பவருக்கு இல்லை.

சரியாச் செய்தால் பம்ப் பக்கத்துத் தண்டை எடுத்திட்டு, அந்த இடத்தில ஒரு கட்டைத் தண்டு போடவேணும், கியர் நிக்கிறதுக்கு. பெல்ட் பக்கத்துத் தண்டு வெளியில வாற ஓட்டையை அடைக்கவேணும். எல்லாத்தையும்விட முக்கியம், பிளொக்குக்குள்ள அந்தத் தண்டுகள் இருந்த பெயரிங்குகளைத் திருப்பி அடிச்சு, ஒயில் வாற துளையை மூடவேணும். தண்டு இருக்கும்வரைக்கும் அதுதான் துளையை மறைச்சுக்கொண்டிருந்தது. தண்டை எடுத்தால் ஒயில் நேர கீழ இருக்கிற ஒயில் தட்டுக்குள்ள, அதுதான் சம்புக்குள்ள, கொட்டும். கிராங் பெயரிங்குக்குப் போகவேண்டிய ஒயில் அது.

என்ர எஞ்சினில பெல்ட் பக்கத்துத் தண்டை எடுத்தவை, பெயரிங்கைத் திருப்பேல்லை. பம்ப் பக்கத்துத் தண்டைத் தொடவே இல்லை. பில்லில ரெண்டுக்கும் காசு, கட்டைத் தண்டுக்கும் காசு.

கார் கைக்கு வந்த நாளே உதறல் சரியில்லை. கஸ்தூரியார் வீதிச் சந்தியில நிக்கேக்க கியர் லீவர் பக்கவாட்டில ஆடுது. "பலன்ஸ் ஷாப்ற் இல்லையெண்டா உதறும்தானே" எண்டார் கராஜ்காரர். உதறும், உண்மைதான். ஆனால் ரெண்டும் இல்லாமல் வாற உதறல் வேற. ரெண்டு தண்டும் இருந்தால் ஒண்டின்ர பக்கத் தள்ளலை மற்றது வெட்டும், ஒண்டு மட்டும் மிஞ்சினால் அந்தத் தள்ளல் எஞ்சினைப் பக்கத்துக்கு இழுக்கும். பிறகு எஞ்சின் சூடானாப்போல ஒயில் பிறஷர் குறைஞ்சால் பத்துற ஒயில் லாம்ப் மினுங்கத் தொடங்கிச்சு. விடிய ஸ்ராட் பண்ணேக்க ஒயில் தடிப்பு, லாம்ப் வராது. வெயிலுக்க ஓடி வந்து நிக்கேக்க வரும். அதுக்கு அவர் சென்சரை மாத்தினார், பிறகு 20டபிள்யூ-50 எண்ட தடிச்ச ஒயிலை ஊத்தச் சொன்னார். பிறகு ரெலிபோன் எடுக்கிறதில்லை.

ஏ9இல பளை தாண்டேக்க கீழ தட்டுற சத்தம். கன்ரர் லொறியில ஏத்தித்தான் காரைக் கொண்டு வந்தது.

உரும்பிராய்ப் பக்கம் பழைய மிற்சுபிசி வேலை தெரிஞ்ச ஒரு ஐயா எஞ்சினை இறக்காமலே கண்டுபிடிச்சார். பிளொக்கின்ர பக்கத்தில ஒரு பிளக் இருக்கு, ரைமிங் வைக்கேக்க ஷாப்ற்றை இறுக்கிப் பிடிக்கிறதுக்கு. அதைக் கழற்றி 8 மில்லிமீற்றர் தடிப்பான ஸ்குறூ டிரைவரை விட்டார். ஷாப்ற் சரியான நிலையில நிண்டால் அது 60 மில்லிமீற்றருக்கு மேல உள்ளுக்குப் போகும், இல்லாட்டி 20, 25இல முட்டும். தண்டே இல்லாத எஞ்சினில முட்ட ஒண்டும் இல்லை. என்ர எஞ்சினில 25இல டக்கெண்டு நிண்டுது. "தம்பி, உதுக்க ஷாப்ற் கிடக்கு" எண்டார். சம்பை இறக்கினால் செம்பும் வெள்ளையுமாப் பெயரிங் தூள். கிராங்கில நகம் மாட்டுற அளவுக்குக் கீறல்.

எனக்குக் கோவம் வாற இடம் இதுதான்: எஞ்சினின்ர முன் மூடியை (முன் கேஸ்) கழற்றினவைக்கு மற்றத் தண்டையும் எடுக்கிறது பெரிய வேலையே இல்லை. கட்டைத் தண்டு கையில இல்லை, அவ்வளவுதான். "இல்லைத் தம்பி, வரட்டும், பொறுங்கோ" எண்டு சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பன்.

கராஜில கேட்கப் போனால், "நீங்கள் இழுத்து ஓடினியள்" எண்டு ஒரு கதை. கூலியில பாதி திருப்பித் தாறன் எண்டார், கிராங்குக்கு ஒண்டுமில்லையாம். நான் வாங்கேல்லை. கைவசம் பில் இருக்கு. பற்றுச்சீட்டுக் கேட்டால் தரத்தான் வேணும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில இருக்கு. அதிகார சபையின்ர 1977 எண்ட ரெலிபோன் இலக்கத்துக்கு எடுத்தும் சொல்லலாம்.

வேலை நடக்கேக்க பெயரிங் திருப்பினதை, எஞ்சின் மூட முதல் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கோ. தயங்கினால் காரை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஒயில் பிறஷர் கேஜ் ஒண்டும் போடுங்கோ, லாம்ப் பத்துறது பிந்தித்தான்.

இப்ப பிளொக் லேத்தில கிடக்குது. கிராங்கைக் கடைஞ்சு, அந்தக் குறைஞ்ச அளவுக்குப் பொருந்துற அண்டர்சைஸ் பெயரிங் போடலாம் எண்டு சொல்லினம், ரேர்போவுக்கு எனக்கு மனமில்லை. ஸ்ராண்டட் சைஸ் 4ஜி63 கிராங் ஆரிட்டையாவது இருந்தால், அளந்து பாத்த பிறகு காசு எண்ட கதையோட, சொல்லுங்கோ.