தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி, செராமைடு கிரீம்: வெடித்த தோலுக்கு எது?

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு போர் தண்ணீர்தான். குழாய் முனையில் வாரத்துக்கொரு முறை வெள்ளையாக உப்பு படிந்துவிடும். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, பகல் முழுவதும் ஏ.சி. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்குப் போன மார்கழியில் முழங்கை மடிப்பு செதில் செதிலாக உரிந்தது. சொறிந்த இடத்தில் நீர் கசிந்தது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அம்மா தேங்காய் எண்ணெயை எடுத்தார். நாத்தனார் ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்தார். மருந்துக் கடைக்காரர், "பெட்ரோலியம் ஜெல்லியே போதும்மா" என்றார். தோல் மருத்துவர் செராமைடு கிரீம் எழுதிக் கொடுத்தார். தடவினால் நான்குமே பளபளக்கும். தோலுக்குள் நான்கும் செய்கிற வேலை வேறு வேறு என்பது படித்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் ஏறத்தாழ நான்கு வாரத்தில் மேலே வந்து உதிர்கிறது. வரும் வழியில் அது உருமாறிக்கொண்டே வந்து, கடைசியில் உயிரற்ற தட்டையான செதிலாகிறது. அந்தச் செதில்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், இடையில் பூசிய சாந்து முழுக்கக் கொழுப்பு. எடையில் சுமார் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். இந்தச் சாந்தைச் செல்லே தயாரித்து, நுண்ணிய பைகளில் கட்டி, உருமாற்றத்தின் கடைசிக் கட்டத்தில் வெளியே கொட்டுகிறது. உடம்பின் நீரை உள்ளே பிடித்து வைத்திருக்கும் இந்தச் சுவர், உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில், ஒரு காகிதத்தின் தடிமன்கூட இராது.

என்னை அதிகம் வியக்க வைத்தது வேறொன்று. இந்தக் கொழுப்புகள் சாந்து மட்டுமல்ல, செல்லுக்குக் கட்டளையும்கூட. கொழுப்பு அமிலங்கள் செல்லின் உட்கருவில் உள்ள பி.பி.ஏ.ஆர். என்ற ஏற்பிகளை (கட்டளையை வாங்கும் புரதங்களை) தூண்டுகின்றன. கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகும் ஆக்ஸிஸ்டெரால்கள் எல்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைத் தூண்டுகின்றன. உடனே செல் முதிரத் தொடங்கி, ஃபிலாக்ரின், இன்வொலுக்ரின் போன்ற சுவர்ப் புரதங்களை உருவாக்குகிறது. கொழுப்பில் குறை வந்தால் என்ன ஆகும் என்பதை 1929இலேயே ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி காட்டினார்கள். கொழுப்பில்லாத உணவு தின்ற எலிகளின் தோல் செதிலாக உரிந்தது. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்ததும் தேறியது. செராமைடுகளில் முக்கியமான ஒரு வகையை அந்த அமிலம் இல்லாமல் கட்ட முடியாது.

முதலில் ஆலிவ் எண்ணெயை ஒதுக்கிவிடுகிறேன். அதில் சுமார் 70 சதவீதம் ஓலியிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலம். அது சாந்தின் அடுக்கைக் குலைக்கும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தடவிய முன்கைத் தோல் வலுவிழந்து லேசாகச் சிவந்தது. லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. குழந்தைக்கு நல்லது என்று அன்போடு வாங்கித் தருகிறவர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் அம்மாவின் கை தவறவில்லை. அதில் பாதியளவு லாரிக் அமிலம். வெடித்த தோலில் குடியேறும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை அது எதிர்க்கும். கரப்பான் (எக்ஸிமா) வந்த குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸில் எட்டு வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மினரல் ஆயிலைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் தோலின் நீரிழப்பை நன்றாகக் குறைத்தது. ஆனால் அதில் லினோலியிக் அமிலம் மிகக் குறைவு. செராமைடு இல்லவே இல்லை. மேலே காவல் நிற்கும், சாந்து தராது. நல்லெண்ணெயில் ஓலியிக்கும் லினோலியிக்கும் ஏறக்குறைய சரிபாதி. அது எங்கள் வீட்டில் தலைக்கு மட்டும்.

பெட்ரோலியம் ஜெல்லியை வெறும் மூடி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் தோல் ஆய்வாளர் பீட்டர் இலையாஸ் குழுவினர் 1992இல் காட்டியது வேறு. அது செதில்களின் இடுக்குகளுக்குள்ளும் இறங்குகிறது; கீழே பழுது பார்க்கும் வேலையையும் தடுப்பதில்லை. 2016இல் வந்த ஆய்வொன்றில் ஃபிலாக்ரின் உற்பத்தியையும் அது கூட்டியது. விலையோ மிகக் குறைவு. சித்திரை வெயிலில் வியர்வையோடு சேர்ந்து கசகசக்கும் என்பதுதான் குறை. பகலில் தடவினால் மகள் சட்டையில் துடைத்துவிடுவாள். இரவில் பொறுத்துக்கொள்கிறாள்.

செராமைடு கிரீம்தான் விலை கூடியது, ஆகவே கவனமும் கூடுதலாகத் தேவை. 1993இல் அதே இலையாஸ் குழுவினர் எலிகளின் தோல் சுவரைக் கெடுத்துவிட்டு, மூன்று கொழுப்புகளையும் பிரித்தும் சேர்த்தும் தடவிப் பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்தபோது சுவர் வழக்கம்போல் தேறியது. ஒன்றையோ இரண்டையோ மட்டும் தடவியபோது, எதுவும் தடவாததைவிடத் தாமதமானது. அதனால் டியூபின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட 'செராமைடு' எனக்குப் போதவில்லை. பின்பக்கப் பொடி எழுத்தில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

எதைத் தடவினாலும் சோப்பு கெடுத்துவிடலாம். சாந்தை முடித்துத் தரும் நொதிகளுக்குத் தோலின் லேசான அமிலத்தன்மை வேண்டும், பி.எச். 5 அளவில். சாதாரணச் சோப்புக் கட்டி 9, 10. உப்புத் தண்ணீரில் அது தோலிலேயே படிந்தும் விடுகிறது. மடிப்புகளுக்குச் சோப்பை நிறுத்தினோம். குளித்து ஈரம் காயும் முன் கிரீம், படுக்கும்போது ஜெல்லி. ஐந்தாவது வாரம் மடிப்பில் செதில் இல்லை.

போன வாரம் தம்பி கேட்டான்: "அக்கா, பாப்பாவுக்கும் இப்போதே அந்தக் கிரீமைத் தடவிவிட்டால் கரப்பானே வராதா?" பிரிட்டனில் ஏறத்தாழ 1,400 பச்சிளங்குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஓராண்டு தினமும் ஈரப்பத கிரீம் தடவச் செய்து பார்த்தார்கள். கரப்பான் வருவது குறையவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. வாங்க வேண்டாம் என்றேன். அலமாரியில் ஆலிவ் எண்ணெய் இருந்தால் அதைச் சமையலறைக்கு மாற்றச் சொன்னேன்.