கல்லடைப்பு: வலியை அடக்குவது எது, மறுபடி வராமல் காப்பது எது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வலி என்றதும் சுற்றியிருப்பவர்கள் மூன்று யோசனை சொல்வார்கள். நிறையத் தண்ணி குடி, வாழைத்தண்டுச் சாறு குடி, ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடு. மூன்றிலும் விஷயம் உண்டு, வேளைதான் மாறிப்போகிறது. தண்ணீர் கல் வராமல் தடுக்கிற மருந்து; வலி உச்சத்தில் இருக்கும்போது அது உதவாது. ஊசி வலியை அடக்குகிற மருந்து; கல்லை அது கரைக்காது. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிற கேடுதான் அதிகம். அதனால் வலிக்கு எது, தடுப்புக்கு எது என்று தனித்தனியாக வைத்தே ஒப்பிடுகிறோம்.

வலி நேரத்தில்: ஊசி, மாத்திரை, ஒத்தடம், தண்ணீர்

கல் குத்துவதால் வலிக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் கல் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அது இறங்கி, சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் மெல்லிய குழாயில் மாட்டும்போதுதான் தொல்லை. மேலே சிறுநீர் தேங்கி சிறுநீரகம் உப்பும், குழாய் இறுகும். அப்போது உடலில் சுரக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, இன்னும் சிறுநீரை ஊறவைக்கும். விலாவுக்குக் கீழே முதுகில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்குகிற வலி அலை அலையாக வருவது இதனால்தான். படுத்தாலும் உட்கார்ந்தாலும் தாங்காது. ஆள் புரண்டுகொண்டே இருப்பார்.

வலி ஊசியாகப் போடுகிற டைக்ளோஃபினாக் அந்த ப்ராஸ்டாகிளாண்டினையே தடுக்கிறது. அதனால் இந்த வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகளைவிட இதையே முதலில் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு 75 மி.கி., தசையில் ஊசி. சுமார் அரை மணி நேரத்தில் வலி தணியத் தொடங்கும். மாத்திரையும் அதே மருந்துதான், ஆனால் கல் வலியோடு வாந்தியும் வருவதால் விழுங்கியது வயிற்றில் தங்காது. வலி லேசாகத் தொடங்கும்போதே போட்டால் மாத்திரை போதும். வாந்தி வந்துவிட்டால் ஊசிதான், அல்லது ஆசனவாய் வழியாக வைக்கிற மருந்து.

இந்த ஊசி எல்லாருக்கும் ஆகாது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர், குடல்புண் உள்ளவர், மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் ஆகியோர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு நரம்பு வழியாக 1 கிராம் பாராசிட்டமால் ஏற்றலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நாள் கணக்கில் டைக்ளோஃபினாக் விழுங்குவது இன்னும் மோசம். வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தையே கெடுக்கும்.

வயிற்றுப் பிடிப்புக்குத் தருகிற டைசைக்ளோமின், ஹயோசின் வகை ஊசிகளைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். டைக்ளோஃபினாக்கோடு சேர்த்துப் போட்டாலும் அவற்றால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. வெந்நீர்ப் பை ஒத்தடம் அப்படியல்ல. துணியில் சுற்றி, வலிக்கிற பக்கம் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் மெய்யாகவே வலி குறையும். ஊசி கிடைக்கும்வரை வீட்டில் செய்யத்தக்கது இதுதான்.

இப்போது தண்ணீர். அடைத்த குழாய்க்கு மேலே ஏற்கெனவே சிறுநீர் தேங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் அழுத்தம்தான் கூடக்கூடும், கல்லை அது தள்ளிவிடுவதில்லை. டிரிப்ஸ் ஏற்றிக் கல்லை வெளியேற்றலாம் என்பதும் இதே தவறு. வாந்தியால் வற்றிப்போனதை ஈடுகட்ட மட்டுமே டிரிப்ஸ். தாகத்துக்கு மடக்கு மடக்காகக் குடிக்கலாம். பீர் குடித்தால் கல் விழும் என்பதை நம்பவே வேண்டாம். அடைப்புக்கு மேலே அதுவும் அதே அழுத்தம்தான், ஒரு வகைக் கல்லுக்குக் காரணமான யூரிக் அமிலத்தையும் அது கூட்டும்.

வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் சேர்ந்தால் கை வைத்தியம் எதுவும் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அறவே வராதவர், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கும் இதே அவசரம். 108-ஐ அழைத்து, சிறுநீரக அறுவை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விட வேண்டும். இடையில் ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்று தங்கக் கூடாது.

வலி நின்றால் கல் விழுந்ததா?

இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கல் அங்கேயே அடைத்துக்கொண்டிருக்க, சிறுநீரகம் அந்த அழுத்தத்துக்குப் பழகி வலி மட்டும் நின்றுபோவது உண்டு. ஆறு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அந்தச் சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதாகலாம். வலியில்லாமல் போகிற சிறுநீரகம் இப்படித்தான் போகிறது. கல் கையில் கிடைக்கவில்லையென்றால், வலி நின்ற இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி ஸ்கேன் பார்த்தே தீர வேண்டும்.

எந்த ஸ்கேன்? அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு, கர்ப்பிணிக்கும் பார்க்கலாம். சிறுநீரகம் உப்பியிருப்பதை நன்றாகக் காட்டும். ஆனால் குழாயின் நடுப்பகுதியில் மாட்டிய கல் அதற்குத் தப்பிவிடும். மருந்து ஏற்றாமல் எடுக்கும் சிடி ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கல்லையும் இடம், அளவோடு காட்டிவிடும். வெறும் எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது. எங்கள் கணிப்பு: முதலில் அல்ட்ராசவுண்ட்; அதில் கல் தெரியாமல் சிறுநீரகம் மட்டும் உப்பியிருந்தாலோ, அறுவை தேவைப்படும்போலிருந்தாலோ சிடி. அல்ட்ராசவுண்டுக்குப் போகும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்கட்டும். பைக்கு அருகே நிற்கும் கல் அப்போதுதான் தெரியும்.

காத்திருப்பதா, எடுத்துவிடுவதா

5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தானாகவே விழுந்துவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 10-க்கு மேலே தானாக விழும் என்று காத்திருப்பது வீண். 5 முதல் 10 மி.மீ. வரையுள்ள கல் குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்தால் டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரையை இரவில் நான்கு வாரம் வரை தருவார்கள், குழாயைத் தளர்த்துவதற்கு. திடீரென எழுந்தால் தலை சுற்றும். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

எடுப்பதென்றால் மூன்று வழி. வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பதில் கத்தி இல்லை, ஆனால் உடைந்த துகள் தானாக விழ வேண்டும். ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். குழாயில் மாட்டிய கல்லுக்கு, சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரால் உடைத்தெடுப்பது நம்பகமானது. சிறுநீரகத்தில் 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுப்பதே சரி. எதைச் செய்தாலும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற குழாய் வைத்திருந்தால் அதை எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் எழுதிவையுங்கள். வலியில்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஸ்டென்டின் மேலேயே கல் படர்ந்து, அதை எடுக்கத் தனி அறுவையே தேவைப்படும்.

கல் விழும்வரை சிறுநீரை வெள்ளைத் துணியிலோ பழைய டீ வடிகட்டியிலோ வடித்துப் பாருங்கள். கடுகளவு, மிளகளவு பழுப்புத் துண்டு கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம். உலர்த்தி, சின்ன மாத்திரை டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தடுப்பு முழுவதும் அந்தத் துண்டு எந்த வகைக் கல் என்பதைப் பொறுத்தது.

தடுப்பில் முதலிடம் எதற்கு

இத்தாலியில் 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் தடவை கல் வந்தவர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு மறுபடி கல் வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு. அதனால் முதலிடம் தண்ணீருக்கே. கணக்கு குடிக்கிற தண்ணீரில் இல்லை, போகிற சிறுநீரில் இருக்கிறது. இலக்கு நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர். விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பவருக்கு 3 லிட்டர் குடித்தால் அது வந்துவிடும். பங்குனி, சித்திரையில் உளுந்து பறிப்பவருக்கும் வேதாரண்யத்தில் உப்பு வாருபவருக்கும் 4, 5 லிட்டர் குடித்தாலும் வியர்வையே கொண்டுபோய்விடும். ஒரு விடுமுறை நாளில் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை போய்விட்டு, அதன்பின் மறுநாள் ஆறு மணி வரை போவதையெல்லாம் அளவு குறித்த பிளாஸ்டிக் குடுவையில் பிடித்துப் பாருங்கள். பலருக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது. படுக்கும்முன் ஒரு டம்ளர், இரவில் எழுந்தால் மறுபடி ஒரு டம்ளர். கல் கூடுவது பெரும்பாலும் சிறுநீர் கெட்டிப்படும் இரவு நேரத்தில்தான்.

நம் பக்கம் எல்லாரும் பழி போடுவது போர் தண்ணீரின் மேல். கடலோரத்து உப்புத் தண்ணீர் வாய்க்கு ஆகாது, அதனாலேயே ஆட்கள் குறைவாகக் குடிக்கிறார்கள், கெடுதல் அங்கே இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையைவிடக் குடிக்கிற அளவுதான் முக்கியம். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீரோ, கேன் தண்ணீரோ, வாய்க்குப் பிடித்த தண்ணீராக நிறையக் குடியுங்கள்.

வாழைத்தண்டு, எலுமிச்சை, இளநீர்

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் தண்டுக்குக் குறைவில்லை. மேல் பட்டையை உரித்து உள்ளிருக்கும் வெள்ளைத் தண்டை வட்டமாக அரியும்போது, ஒவ்வொரு வட்டத்திலும் இழை இழையாக நார் எழும்பும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றி இழுத்துவிட்டு, கறுக்காமலிருக்க நீர்மோரில் போடுவார்கள். நார்ச்சத்தும் பொட்டாசியமும் உள்ள நல்ல உணவு. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்து வாரம் இரண்டு தடவை சாப்பிடலாம். ஆனால் கல்லைக் கரைக்கும் என்பதற்கு எலிகளில் செய்த சோதனைகள் உண்டே தவிர, மனிதர்களில் உறுதியான சான்று இல்லை. தினமும் வெறும் வயிற்றில் சாறு குடித்துக்கொண்டு, 12 மி.மீ. கல்லோடு ஆறு மாதம் காத்திருப்பதுதான் ஆபத்து.

எலுமிச்சைக்குக் காரணம் தெளிவு. அதிலுள்ள சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, படிகம் கூடவிடாமல் தடுக்கிறது. நாளுக்கு இரண்டு, மூன்று பழத்தின் சாற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கலந்து நாள் முழுக்கக் குடிக்கலாம். உப்பும் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது. கடையில் போட்டுத் தருகிற உப்பு எலுமிச்சைச் சாறு இந்தக் கணக்கில் சேராது. குடித்தபின் வாயைக் கொப்பளித்தால் பல் கூசாது. இளநீரும் நல்லதே, சர்க்கரை போட்ட பாட்டில் பானங்களுக்குப் பதிலாக என்றால் இரட்டிப்பு நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவருக்கும் மட்டும் அதன் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். டாக்டரைக் கேட்காமல் அவர்கள் குடிக்க வேண்டாம்.

காப்புக் கட்டுகிற சிறுபீளையும் நெருஞ்சிலும் சிறுநீரைப் பெருக்கப் பழகி வந்த மூலிகைகள். சித்த மருத்துவர் பார்த்துத் தந்தால் சிறு கல்லுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ரணகள்ளி இலையைத் தானாகப் பறித்துத் தின்பது வேறு. இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள் அதில் உண்டு. பிலிம்பிக் காயைச் சாறாகக் குடிக்கவே கூடாது. கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிற ஆக்ஸலேட் என்ற பொருள் அதில் அதிகம்; அதனால் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தட்டில்: தக்காளியா, உப்பா, தயிரா

தக்காளி விதைதான் கல்லாகிறது என்று ரசத்தையே நிறுத்திவிடுகிறார்கள். தக்காளியில் ஆக்ஸலேட் 100 கிராமுக்குச் சில மி.கி.தான். தண்டுக்கீரை, முளைக்கீரை, பசலையில் அது நூற்றுக்கணக்கில். அதற்காகக் கீரையையும் ஒரேயடியாக விட வேண்டியதில்லை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, தயிரோடு சாப்பிட்டால் போதும். சேப்பங்கிழங்குக்கும் இதே முறை.

தயிர் எதற்கு? கல் கால்சியத்தால் ஆனது, ஆகவே பால், தயிரை நிறுத்து என்பது மிகப் பெரிய தவறு. சாப்பாட்டோடு வருகிற கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. பாலை நிறுத்தினால் அந்த ஆக்ஸலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரில் இறங்கும். இத்தாலியிலேயே 2002-ல் வெளியான ஆய்வில் 120 ஆண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். கால்சியத்தை வழக்கம்போல் வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சாப்பாட்டோடு விழுங்கட்டும்.

உப்புதான் நம் வீடுகளில் உண்மையான எதிரி. சிறுநீரில் சோடியம் கூடினால் கால்சியத்தையும் அது கூடவே இழுத்து வரும். எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். பழைய சோற்றுக்கு ஒரு ஊறுகாய்த் துண்டு, இரண்டு மோர் மிளகாய், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, அப்பளம் என்றால் மாலைக்குள்ளேயே அளவு தாண்டிவிடும். நீராகாரம் அருமையான பானம், உப்பில்லாமல் குடித்தால்.

யூரிக் அமிலக் கல்லென்றால் கணக்கே வேறு. சர்க்கரை நோய், பருமன் உள்ளவர்களுக்கு இது அதிகம். ஆட்டுக்கறி, ஈரல், மத்தி, நெத்திலியைக் குறைக்க வேண்டும். இதில் ஒரு பெரிய அனுகூலம்: இந்த வகைக் கல்லை மருந்தாலேயே கரைக்கலாம். பொட்டாசியம் சிட்ரேட்டால் சிறுநீரின் பிஎச் அளவை, அதாவது அமில-காரத் தன்மையை, 6.5 அருகே வைத்திருந்தால் வாரக்கணக்கில் கரையும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பிஎச் காகிதப் பட்டை வைத்துச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் கல் கூடும். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களிடம் காணும் தொற்றுக் கல்லுக்கோ உணவுக் கட்டுப்பாடு பயன்படாது. ஒரு துகள் மிச்சமில்லாமல் எடுத்தாக வேண்டும்.

நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்றே தண்ணீர் குடிக்காமல் பகலைக் கழிக்கிறார்கள். அவர்களிடம் எலுமிச்சை பற்றிப் பேசிப் பயனில்லை. வேலை கொடுக்கிறவர் வரப்போரம் நான்கு கம்பு நட்டுக் கீற்று மறைப்பு ஒன்று கட்டி, நிழலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்க வேண்டும். குடும்பத்தார் செய்யக்கூடியது, வேலை முடிந்து வீடு வந்ததிலிருந்து படுக்கும்வரை மணிக்கு ஒரு டம்ளர் அவர்கள் கையில் கொடுப்பது.