சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூச வருகிறவர்களிடம் உஷார்!

மதுரைப் பக்கம் பழைய வீட்டைக் குறைந்த செலவில் பூசிப் புதுசாக்கலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

சோழவந்தானில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மச்சு. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அதுதான். வருடக்கணக்கில் பூட்டியே கிடந்ததில் காரை உதிர்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. இனிமேல் அங்கேதான் இருப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டார். கையில் இருந்தது நாலு லட்சம். அதற்குள் முடிக்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு பார்ட்டி வந்தார்கள். வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம். சதுர அடிக்கு இவ்வளவு, மெட்டீரியல் எல்லாம் அவர்கள் பொறுப்பு, அஞ்சு வருஷம் கியாரண்டி, பாதிப் பணம் முன்பணம் என்று பேச்சு. பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார்கள். அது காய்வதற்குள் பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துவிட்டார்கள். ஆவணியில் சாவியைக் கொடுத்தபோது வீடு பளபளவென்று இருந்தது. அம்மா பால் காய்ச்சிக் குடிபோனார்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஆரம்பித்தது. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதற்குப் பின்னால் சிமெண்ட் பூச்சு கெட்டியாகத்தான் நின்றது, ஆனால் தட்டினால் பொக்கென்று சத்தம். போன் செய்தால், "மழைக்காலம் முடியட்டும் மேடம், காஞ்சதும் பார்க்கலாம்" என்றார்கள். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை.

தென்கரையிலிருந்து வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் ஓரிடத்தில் சிமெண்டைப் பெயர்த்து, உள்ளிருந்த செங்கல் இடுக்கில் விரலை விட்டு ஈர மண்ணாக எடுத்துக் காட்டினார். "ஓதம் ஏறுற சொவரு தாயி. சுண்ணாம்புன்னா ஈரத்தை வெளிய விட்டுரும். நீங்க சிமெண்டப் போட்டு வாயை அடைச்சுட்டீங்க. உள்ள இருக்குற தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கிற பூச்சு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை மறித்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், செங்கல்லையும் அரிக்கும். எங்கள் ஊர் வைகைக் கரை, சுற்றிலும் வாய்க்கால், நெல்வயல், வெற்றிலைக் கொடிக்கால். ஓதம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். பணம் வாங்கியவர்கள் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, எங்கள் வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் சுவரோரமே தேங்குகிறது. (பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எங்கள் தெரு இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது.)

மாடியில் நடந்தது இதைவிடக் கொடுமை. மாடித் தளத்தில் பதித்திருந்த தட்டை ஓடு செத்துவிட்டது என்று சொல்லிப் பெயர்த்துப் போட்டுவிட்டு, தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் (சரிவு) எடுக்காமல் வெள்ளையாக ஏதோ ஒன்றைத் தடவியிருக்கிறார்கள். தண்ணீர் நடுமாடியில் நிற்கிறது. கட்டை மச்சில் தண்ணீர் இறங்கினால், சுவருக்குள் இருக்கும் கட்டையின் முனை இற்றுப்போகும், வெளியே தெரியாது. அதன் கீழேதான் அம்மா கட்டில் போட்டுப் படுத்திருந்தார். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

மாடியில் தடவிய அந்த ஒழுகல் தடுப்பு மருந்து டின்களும் திறந்தேதான் வந்தன என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கம்பெனி டின் என்றால் சீல் இருக்கும், பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கும். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் மூட்டையிலும் எந்த வாரம், எந்த வருடம் தயாரித்தது என்று அச்சடித்திருப்பார்கள். மூன்று மாதம் தாண்டியது வேண்டாம்.

இன்னொன்று, குப்பையை நாங்களே இலவசமாக அள்ளிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே உஷாராகுங்கள். எங்கள் கொல்லைக் கதவும் இரண்டு ஜன்னல் சட்டமும் பழைய தேக்கு. இடிபாடோடு இடிபாடாகக் குட்டியானை வண்டியில் ஏறிப் போய்விட்டன. காரைக்குடியில் பழைய மரச் சாமானுக்கு என்ன கிராக்கி என்று எல்லோருக்கும் தெரியும். கதவு, நிலை, கட்டை, பழைய செங்கல் எல்லாம் வீட்டுக்காரருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அவர்கள் கொடுத்த கியாரண்டி வெறும் கலர் காகிதம். ஜிஎஸ்டி எண் இல்லை, என்ன மருந்து, எத்தனை கோட் என்றும் இல்லை. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் 33-ல் தொடங்கும். இணையத்தில் போட்டுப் பார்த்தால் யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். மாடிக்கான கடைசித் தவணையை, நாலு குடம் தண்ணீர் ஊற்றி அது குழாய் வழியாக இறங்குவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நான் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915-க்கு போன் செய்தும் புகார் சொல்லலாம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தேதியோடு எடுத்த சுவர் போட்டோ, எதையும் அழித்துவிடாதீர்கள்.

இப்போது அந்தக் கொத்தனார் நெஞ்சு உயரம் வரைக்கும் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுவரை ஆறவிட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்புப் பூச்சு. வாசல் தண்ணீரைத் திருப்பிவிடச் சின்னதாக ஒரு வாய்க்காலும் வெட்டியாயிற்று. வாடிப்பட்டி, சமயநல்லூர்ப் பக்கம் இதே மாதிரி ஆட்களிடம் மாட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மனுவோடு சேர்த்துக் காட்ட உதவும்.