ஸ்கீமா டம்ப்: ஒரே கோப்பா, உடைத்து வைப்பதா?

மன்னார்குடிப் பக்கம் இரண்டு அரிசி ஆலைகளுக்கு நெல் வரவுக் கணக்கு மென்பொருள் பார்க்கிறேன், அடியில் இருப்பது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். குறுவை அறுப்பு மும்முரத்தில்தான் ஈரப்பதக் கழிவு போடும் ஃபங்ஷனில் யாராவது கை வைப்பார்கள், ஆலைக் கணக்குப்பிள்ளை அண்ணன் "யாரு தம்பி இத மாத்துனது?" என்று போன் செய்வார். அதற்குப் பதில் சொல்லத்தான் ஸ்கீமாவை, அதாவது டேட்டா இல்லாமல் டேபிள், ஃபங்ஷன்களின் அமைப்பை மட்டும், கிட்டில் (யார், எப்போது, எதை மாற்றினார் என்று வரலாறு வைக்கும் கருவி) போட ஆரம்பித்தேன்.

போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி_டம்ப் கருவியை ஸ்கீமா மட்டும் போதும் என்று ஓட்டினால் எல்லாம் ஒரே கோப்பாக வரும். திரும்ப டேட்டாபேஸில் ஏற்றுவதற்கு இதை அடிக்க ஆளில்லை, எது எதைச் சார்ந்தது என்று பார்த்து அதுவே வரிசை போட்டு, டேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபாரின் கீக்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். படிப்பதற்குத்தான் கஷ்டம்: டேபிள் ஓரிடம், அதன் பிரைமரி கீ நூற்றுக்கணக்கான வரி தள்ளி, இண்டெக்ஸ் இன்னும் கீழே. போதாக்குறைக்கு 2025 ஆகஸ்ட் பாதுகாப்பு வெளியீட்டிலிருந்து 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வரியில் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி வருவதால், எதுவும் மாறாமலே கிட் டிஃப் (வித்தியாசம்) காட்டும். 'ரெஸ்ட்ரிக்ட் கீ' ஆப்ஷனில் நிலையான ஒரு சாவியைக் கொடுத்தால் அடங்கும்.

பிஜி_டம்ப்பிலேயே டைரக்டரி ஃபார்மட் என்ற பெயரைப் பார்த்து நானும் ஏமாந்தேன். அதில் தனித்தனியாகப் பிரிவது டேட்டாதான், ஸ்கீமா முழுக்க ஒரே பைனரி கோப்புக்குள். கிட்டுக்கு உதவாது.

மைஎஸ்கியூஎல் என்ற வேறு டேட்டாபேஸ் ஆட்களுக்கு, அதன் டம்ப் கருவியில் 'டேப்' ஆப்ஷன் டேபிளுக்கு ஒரு ஸ்கீமா கோப்பு தரும், ஆட்டோ இன்கிரிமெண்ட் எண் (தானாக ஏறும் வரிசை எண்) மாறிக்கொண்டே இருப்பதை வெட்டிவிட வேண்டும்.

சரி, நாமே உடைப்பது? டம்ப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் மேலே பெயரும் வகையும் கமெண்டாக இருக்கும், அதை வைத்துச் சின்ன ஸ்கிரிப்டே பிரித்துவிடும். எனக்குக் கழிவு ஃபங்ஷன் ஒரே பெயரில் இரண்டு இருந்தது, ஒன்று மூட்டை எண்ணிக்கை மட்டும் வாங்கும், மற்றது ஈரப்பதமும் சேர்த்து. பின்னால் வந்த கோப்பு முன்னதை அழித்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். ஃபங்ஷன் வாங்கும் ஆர்க்யுமெண்ட்களின் வகையையும் கோப்புப் பெயரில் சேருங்கள். ஓட்டும் முன் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் டேட்டாபேஸில் நீக்கிய வியூ (சேமித்து வைத்த வினவல்) கிட்டில் பேயாக நிற்கும்.

இப்போது இரண்டையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒருமுறை செய்யும் பதிவு) வைக்கிறேன்: ஏற்ற முழுக்கோப்பு, பார்க்க உடைத்தவை. ஃபங்ஷன்கள் நிறைய இருந்தால்தான் இந்த மெனக்கெடல், பத்து டேபிள் மட்டும் என்றால் ஒரே கோப்பே போதும்.

போன முறை அண்ணன் கேட்டபோது கழிவு ஃபங்ஷன் இருக்கும் அந்த ஒரு கோப்பின் வரலாற்றைத் திறந்தேன். 17 என்று இருந்ததை 16 ஆக்கியது நானேதான், ராத்திரி பதினொன்றரைக்கு.