பெல்லட் வாங்கும்போது: விலை உயர்ந்த டப்பாவா, ஒரே லாட்டா?

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் சுடும் சிறு ஈயக்குண்டான பெல்லட்டில் எதை வாங்குவது என்பதில் எங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். உயர்தரப் போட்டிப் பெல்லட்டைக் கிடைக்கும்போது இரண்டு டப்பா, மூன்று டப்பா என்று வாங்குவது ஒரு வழி. அதற்கு ஒரு படி கீழே உள்ளதை ஒரே லாட்டில், அதாவது ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரானதில், மொத்தமாக எடுத்து வைப்பது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். திருப்பூரிலிருந்து கோவைக்குப் போய்ச் சுடுவது பெரும்பாலும் என் மகள். பணம் கட்டுவதும், மிச்ச நேரத்தில் பக்கத்து லேனில் நின்று சுமாராகச் சுடுவதும் நான். எனவே இது நடுநிலையான அலசல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடுகளில் ரைபிள் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்பவர்கள் பிரைமரைப் பற்றி விடிய விடிய வாதிடுவார்கள். வெடிமருந்தைப் பற்றவைக்கும் அந்தச் சிறு மூடி ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் எரிகிறதா, அதிகச் சூட்டில் எரிகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தலை போகிற விஷயம். நமக்கு அந்த வாதமே எழாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. ஐம்பது மீட்டர் போட்டிக்கான .22 தோட்டாவிலோ பற்றவைக்கும் மருந்து ஆலையிலேயே விளிம்புக்குள் அடைக்கப்பட்டு வருகிறது. பிரித்து மாற்ற வழியில்லை. அதனால்தான் .22 சுடும் பெரிய வீரர்கள் ஜெர்மனியில் ஷோனபெக்கில் உள்ள லாப்புவா சோதனைக்கூடம் வரை ரைபிளைத் தூக்கிக்கொண்டு போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். பிரைமரைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் லாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஏர் ரைபிளில் பிரைமரும் இல்லை, மருந்தும் இல்லை. சிலிண்டரில் அடைத்த காற்றை ரெகுலேட்டர் அளந்து விடுகிறது. ரைபிள் நல்ல நிலையில் இருந்தால், ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் இடையே மாறக்கூடிய பொருள் பெல்லட் ஒன்றுதான்.

எவ்வளவு நுணுக்கமான விளையாட்டு இது என்பதற்குச் சில கணக்குகள். இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். ஓட்டையின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும், அதற்கு மேல் 10.9 வரை ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் கால் மில்லிமீட்டர் உள்ளே நெருங்கியாக வேண்டும். அறுபது சூட்டுக்கு முழு மதிப்பெண் 654. உலகத் தரத்தில் 630ஐத் தாண்டுபவர்களின் சராசரி 10.5. அதாவது ஓட்டையின் மையம் இலக்கு மையத்திலிருந்து சுமார் ஒன்றே கால் மில்லிமீட்டருக்குள் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான்.

இனி டப்பாக்களுக்கு வருவோம். உள்நாட்டு மலிவுப் பெல்லட்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டப்பாவைத் திறந்ததும் பாவாடை (பெல்லட்டின் அகன்ற பின்விளிம்பு) நசுங்கியவை சில கண்ணில் படும், தலை அளவு (முன்பகுதியின் விட்டம்) டப்பாவில் அச்சிட்டிருக்காது, விலை மிகக் குறைவு. ஸ்பிரிங் ரைபிளில் வீட்டு மாடியில் தகர டப்பா சுடுபவருக்கு அதுவே போதும். ஆறு வாரப் பயிற்சி முகாமில் சேரும் பிள்ளைகளுக்கும் போதும்.

போட்டி என்ற பேச்சு வந்தால் இறக்குமதிதான். ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், செக் நாட்டின் ஜேஎஸ்பி ஆகிய மூன்றுமே நம் ரேஞ்சுகளில் பரிச்சயமான பெயர்கள். ஆர்டபிள்யூஎஸ்ஸில் மேல்படி ஆர்10, அதற்கு அடுத்த படி மைஸ்டர்குகல்ன். ரைபிளுக்கான வகையில் இரண்டுமே 0.53 கிராம், இரண்டுமே தட்டைத் தலை, டப்பாவுக்கு 500. எச் அண்ட் என்னில் ஃபினாலே மேட்ச் மேல்படி. மேல்படியில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் சோதனைக்கும் கழிவுக்கும் போகிறது. எடையும் வடிவமும் இன்னும் இறுக்கமான எல்லைக்குள் இருக்கும். குறையுள்ளவை அதிகம் கழிக்கப்பட்டிருக்கும். அந்த வித்தியாசம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எடை எந்த அளவுக்கு முக்கியம்? சிலர் நகைக்கடைத் தராசை வாங்கி வைத்து ஒவ்வொரு பெல்லட்டாக நிறுத்துப் பிரிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்குச் சுமார் 172 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.058 வினாடி எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதை 16 மில்லிமீட்டர் சொச்சம் கீழே இழுக்கும். வேகத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் ஏறினாலோ குறைந்தாலோ விழும் இடம் 0.2 மில்லிமீட்டர் மாறும். எடையில் 0.01 கிராம் வேறுபாடு இருந்தால் வேகம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மாறும். விழும் இடம் 0.3 மில்லிமீட்டர் நகரும். ஒரு தசமப் புள்ளி, கொஞ்சம் கூடுதல். நல்ல பெல்லட்டில் அவ்வளவு எடை வேறுபாடும் அரிது. எனவே குரூப் (அடுத்தடுத்த சூடுகளின் ஓட்டைக் கூட்டம்) ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று விரிகிறது என்றால் தராசைக் குறை சொல்லிப் பயனில்லை. பெல்லட்டின் தலை உங்கள் பேரலின் (ரைபிள் குழலின்) உள்வரிகளில் எப்படி உட்காருகிறது, பாவாடை ஒழுங்காக விரிந்து அடைக்கிறதா என்பவைதான் காரணம். அவை இரண்டும் லாட்டுக்கு லாட் மாறும்.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மில், ஒரே கவுண்ட் நூலாக இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஏறும்போது துணியில் பட்டை தெரிந்துவிடும். அதனால் எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் இரண்டு லாட்டைக் கலந்து ஓட்ட மாட்டோம். பெல்லட் டப்பாவின் ஒட்டுச்சீட்டிலும் லாட் எண் இருக்கிறது. கடையில் விலையைப் பார்க்கும் கண்ணில் பாதியை அந்த எண்ணுக்குக் கொடுத்தால் போதும்.

எங்கள் முடிவை உறுதி செய்தது இரும்புப் பிடி ஒன்று. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், கனமான வார்ப்பிரும்பு அடித்தளத்தில் ரைபிளைப் பிடித்து நிறுத்தும் ஒரு பிடியைச் செய்து கொடுத்தார். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று ஊரே உலோகத்தோடு புரண்டு எழும் கோவையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. “பேரலை இறுக்கிவிடாதீர்கள் அண்ணா, ரிசீவரைப் பிடியுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டோம். ஐந்து சூட்டுக் குரூப்பை நம்பாதீர்கள். மோசமான பெல்லட்டும் ஐந்தில் அழகாக நடிக்கும். ஒரு லாட்டைச் சுட்டபின் வேறு லாட்டுக்குப் போய், மீண்டும் முதல் லாட்டுக்கு வந்து பார்த்தால்தான் அன்றைய பிடியின் குணமா, பெல்லட்டின் குணமா என்பது பிரியும்.

கிடைத்த விடை எனக்கு வியப்பாகவே இருந்தது. மேல்படியில் ஒரு லாட் அருமையாக இருந்தது: வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு சுமார் 6 மில்லிமீட்டர். ஓட்டையே 4.5 என்பதால் உண்மையான சிதறல் ஒன்றரைதான். அதே பெயர், அதே தலை அளவு, வேறு லாட்: ஏழரையை எட்டியது. நடுப்படிப் பெல்லட்டில் ஒரு லாட் ஆறேகாலுக்குள் நின்றது. இது எங்கள் ரைபிளின் பேரலுக்கு மட்டும் பொருந்தும் விடை. உங்கள் பேரலில் தலைகீழாகவும் வரலாம். எந்த ஆலையும் இதற்கு விதிவிலக்கு என்று நான் நினைக்கவில்லை, ஆகவே பெயர் சொல்வதில் பொருளில்லை. ஆனால் தசமப் புள்ளியில் பாருங்கள்: மிகச் சரியாகக் குறிபார்த்த சூட்டில், ஆறு மில்லிமீட்டர் லாட் மோசமான நிலையிலும் 10.7 தரும். ஏழரை லாட் 10.4க்கு இறக்கிவிடும். படி உயர்ந்ததால் வந்த லாபத்தைவிட லாட் மாறியதால் வந்த நட்டம் பெரிதாக இருந்தது.

இங்கேதான் சில்லறையாக வாங்குவதன் சிக்கல் தெரிகிறது. வாரம் நான்கு நாள், நாளுக்கு நூறு என்று சுட்டால் 500 டப்பா ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும். ஆண்டுக்கு நாற்பது டப்பா. இறக்குமதி சரக்கு வரும்போது வரும், தீர்ந்துபோனால் அந்த லாட் திரும்பி வராது. மேல்படியை இரண்டிரண்டு டப்பாவாக வாங்கினால் இரண்டு மூன்று வாரத்துக்கொரு லாட், லாட்டுக்கொரு சைட் (குறிபார்க்கும் கருவி) திருத்தம். மதிப்பெண் குறைந்தால் மகளின் நிலைப்பாட்டில் கோளாறா, டிரிக்கரிலா, டப்பாவிலா என்று யாருக்கும் தெரியாது. பயிற்சியாளர் பாவம், தோளைத் திருத்திக்கொண்டே இருப்பார். அதே பணத்துக்கு நடுப்படியில் ஆறேகால் லாட்டை ஓர் ஆண்டுக்குச் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தச் சந்தேகம் மட்டுமாவது ஒழிகிறது. மேல்படியையே ஒரே லாட்டில் ஓர் ஆண்டுக்கு வாங்க வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

தலை அளவு பற்றி ஒரு வார்த்தை. 4.49ஆ 4.50ஆ என்று கேட்பவர்கள் நிறைய. எங்கள் பேரலுக்கு 4.50 கொஞ்சம் நன்றாக இருந்தது. 4.51 நான் போதிய அளவு சுட்டதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஜேஎஸ்பியும் அப்படித்தான், ரேஞ்சில் அதைப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள், என் கையில் அது ஓடியது குறைவு. தலை அளவு சரியாக இருந்தும் லாட் மோசமாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால், அளவை வைத்து மட்டும் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு தலைவலியும் யாருக்குத் தேவை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கையின் ஆட்டமும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆட்டம் 8 மில்லிமீட்டர், பெல்லட் 2 என்றால் மொத்தம் 8.25. பெல்லட்டை 1 ஆக்கினாலும் 8.06தான். மாதச் சம்பளத்தில் கால்பங்கைக் கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆட்டம் 3 மில்லிமீட்டராகச் சுருங்கியவருக்கு அதே மாற்றம் 3.6ஐ 3.16 ஆக்கும். என்னைப் போன்றவன் எந்த டப்பாவைச் சுட்டாலும் ஒன்றுதான். சராசரி 10க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பெல்லட்டுக்கு வைத்த பணத்தில் நல்ல சுடும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கலாம்.

மொத்தமாக வாங்கினால் பாதுகாக்கும் வேலை சேர்ந்துகொள்ளும். ஈயம் ஈரக்காற்றில் வெண்மையாகப் பூத்துவிடும். ஆடி மாதக் காற்றோடு சாரல் அடிக்கும் பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். டப்பாவின் வாயில் ஒட்டிவரும் டேப்பைப் பிரிக்காமல், தரையிலிருந்து எட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பையோடு வைக்கிறோம். டப்பாவைக் குலுக்கிக் காட்டும் கடைக்காரரிடம் வாங்குவதில்லை; ஒரு குலுக்கலில் எத்தனை பாவாடை நசுங்கும் என்று அவருக்குக் கவலையில்லை. சுட்டு முடித்தபின் டிபன் பாக்ஸைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுவது எந்தப் படிப் பெல்லட்டுக்கும் பொது. ஈயமில்லாத தகரப் பெல்லட்டும் விற்கிறார்கள். எடை மிகக் குறைவு, போட்டிக்கு யாரும் அதைப் பரிந்துரைத்து நான் கேட்டதில்லை.

லாட் தீரப் போகும் நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைசி நாலைந்து டப்பாவைப் பயிற்சிக்கு எடுக்காமல் போட்டிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு மூன்று புது லாட்டுகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி, பழைய லாட்டோடு அதே பிடியில், அதே நாளில் சுட்டுப் பாருங்கள். தேறியதை அன்றே கடைக்காரருக்குச் சொல்லி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். புது லாட்டுக்கு சைட்டில் ஒன்றிரண்டு கிளிக் மாற்றம் வரக்கூடும். அதை டப்பாவின் மூடியிலேயே பேனாவால் எழுதிவிடலாம்.