ஓ.டி.யா, என்.டி.யா: கடலூரில் பேருந்தும் ரயிலுமாகப் பத்து நாட்கள்

பாரிஸ் புறநகரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசிக்கும் நான், இம்முறை கடலூரில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்தபோது வாடகைக் கார் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உடன் வந்த என் மகளுக்கு வயது பத்தொன்பது. பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு இது என் ஊரே தவிர அவள் ஊர் அல்ல. கையில் சில்லறையை வைத்துக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரப் பழகினால்தான் ஊர் அவளுக்கும் உரியதாகும் என்று எனக்குப் பட்டது.

சென்னை விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் வண்டி மாறி, கோயம்பேட்டில் இறங்கினோம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டாலும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி செல்லும் பேருந்துகள் எங்களுக்குக் கோயம்பேட்டிலேயே கிடைத்தன. பாரிஸில் விமான நிலையத்துக்கு மெட்ரோவிலோ புறநகர் ரயிலிலோ செல்லும் சீட்டு 2025-இல் 13 யூரோவாக இருந்தது. அந்த ஒரு சீட்டின் விலைக்குள் இங்கே நாங்கள் இருவருமே புதுச்சேரி வந்து சேர்ந்துவிட்டோம். பெட்டி மட்டும் ஆளுக்கு ஒன்றாக, சிறியதாக இருப்பது நல்லது. பெரிய பெட்டிகளை வைக்கப் பேருந்தில் இடம் கிடைப்பது அரிது.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் எனப் புதுச்சேரியின் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து, முள்ளோடையில் மாநில எல்லையைத் தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போது காற்றின் ஈரம் மாறுவதை நான் கண்ணை மூடிக்கொண்டே உணர்வேன். அன்றும் அப்படித்தான் கண்களை மூடியிருந்தேன். நடத்துநர் மகளிடம், "ஓ.டி.யாம்மா, என்.டி.யாம்மா?" என்று கேட்க, அவள் விழித்துப்போய் என் தோளைத் தட்டினாள்.

கடலூருக்கு வரும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஓ.டி. (ஓல்டு டவுன்) என்பது துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊரான முதுநகர்; என்.டி. (நியூ டவுன்) என்பது திருப்பாதிரிப்புலியூரும் மஞ்சக்குப்பமும் சேர்ந்த புதுநகர். பேருந்து நிலையமும் அதை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையமும் புதுநகரில் உள்ளன. கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகரில் இருக்கிறது. ஓ.டி., என்.டி. என்று உள்ளூரார் நாள் முழுதும் சொல்லும் சொற்கள் ரயில் நிலையப் பலகையில் இல்லை. சிதம்பரத்திலிருந்து பயணிகள் ரயிலில் தனியே திரும்பிய என் மகள், "கடலூர்" என்ற பெயர் இருக்கும் நிலையத்தில்தானே இறங்க வேண்டும் என்று நினைத்துத் துறைமுகம் சந்திப்பில் இறங்கிவிட்டாள். அடுத்த நிலையத்தில் இறங்கியிருந்தால் அக்கா வீட்டுக்கு நடந்தே வந்திருப்பாள். அவள் மீது தவறில்லை. திருப்பாதிரிப்புலியூர்ப் பலகையில் "கடலூர் புதுநகர்" என்று கீழே ஒரு வரி எழுதினால் எத்தனையோ பேருக்கு உதவும்.

துறைமுகம் சந்திப்பிலிருந்து நகரப் பேருந்தில் வந்தபோது நடத்துநர் காசு வாங்காமலேயே சீட்டைக் கிழித்துக் கொடுத்தது அவளுக்குப் புரியவில்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. மறுநாள் தேவனாம்பட்டினம் பேருந்தில், காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் ஒருவர், மகள் கையிலிருந்த சீட்டைக் காட்டி, "பத்திரமா வச்சுக்க பாப்பா, செக்கிங் வந்தா கேப்பாங்க" என்றார். இலவசச் சீட்டுக்கும் கணக்கு உண்டு என்பதை அவள் அப்படித்தான் அறிந்தாள்.

குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் சென்ற ஒரு பேருந்து நிலையத்தில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற விவரம் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. விசாரணைச் சாளரமும் மூடியிருந்தது. தேநீர்க் கடைக்காரர் சொன்ன நேரத்தை நம்பி முக்கால் மணி நேரம் நின்றோம். தமிழ் தெரிந்த எனக்கே இந்த நிலை என்றால், மொழி தெரியாமல் வருபவர் உடனே ஆட்டோவைத்தான் தேடுவார். இவ்வளவு மலிவான, இவ்வளவு அடிக்கடி ஓடும் சேவையை வைத்துக்கொண்டு, அதன் நேரத்தை ஒரு பலகையில் எழுதி வைக்காதது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஊர் திரும்பும் நாளில் புதுச்சேரி வண்டியின் ஜன்னலோர இருக்கையில் மகள் அமர்ந்திருந்தாள். பின்னால் ஏறிய வடநாட்டு இளைஞர் ஒருவர் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டபோது, எனக்கு முன்னதாக அவளே திரும்பி, "ஓ.டி.யா, என்.டி.யா?" என்று கேட்டாள்.