அம்மாவின் ஐசியும் என் போனும்: பத்து வருட அனுபவம்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பிக்கும். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபிளாட் வீடு. மேல்மாடி மாமா, எதிர் பிளாக் பெரியம்மா, சில நாள் அவர்கள் கூட்டி வரும் வேறு யாராவது. ஒரு கையில் ஐசி (அடையாள அட்டை), இன்னொரு கையில் போன். "தம்பி, என்னமோ நம்பர் கேக்குது, கொஞ்சம் பாரேன்." கொம்தார் கட்டடத்து யுடிசியில் (அரசாங்கச் சேவை மையம்) இருக்க வேண்டிய கவுண்டர் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து பத்து வருடம் ஆகப் போகிறது. அம்மாவுக்காக ஆரம்பித்த வேலை, அப்படியே பரவிவிட்டது.

எனக்கு மட்டும் என்று பார்த்தால் பெரிய குறை இல்லை. வருமான வரிக்கு இ-ஃபைலிங் 2006-லேயே வந்துவிட்டது. முன்பெல்லாம் பிஇ பாரத்தைப் பேனாவில் நிரப்பி, தப்பாகிவிட்டால் இன்னொரு பாரம் தேடி அலைவேன். இப்போது ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை; மே 15 வரை அவகாசமும் கிடைக்கிறது. கார் நிறுத்த நாணயத்தால் சுரண்டும் கூப்பனுக்குப் பதிலாகப் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் 2019-ல் வந்தது. சுரண்டிய துகள் கால்சட்டையில் ஒட்டும் தொல்லை விட்டது. சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டாம், சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்று 2023 பிப்ரவரி 10-ல் அறிவித்தார்கள். நான் இன்னமும் ஒரு பிரிண்ட் எடுத்து டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். போன் பேட்டரி செத்துப்போன ஒரு இரவு போலீஸ் தடுப்பில் நின்ற பழக்கம் அது. அன்று ஒன்றும் ஆகவில்லை, கேட்கவும் இல்லை. ஆனாலும் வயிறு கலங்கியது கலங்கியதுதான்.

அம்மா கதை வேறு. வயது 74. கெடாவில் தோட்டத்தில் பிறந்தவர், அதனால் ஐசியின் நடு எண் 02. அந்த 12 எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தமிழ் வாசிப்பார், மலாய் பேசுவார், ஆங்கிலம் வராது. போன் அவருக்கு வாட்ஸ்அப்பில் கிள்ளான் அக்காவின் குரலைக் கேட்பதற்கு. இந்த ஆளிடம் ஒரு செயலி என்ன கேட்கிறது? முதலில் கைப்பேசி எண், அப்புறம் இமெயில், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் குறியும் கலந்த கடவுச்சொல், கடைசியில் முகம். கேமராவைப் பார், கண்ணைச் சிமிட்டு, தலையைத் திருப்பு. அம்மா கண்ணைச் சிமிட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

எண்ணில்தான் பெரிய சிக்கல். ஆரம்பத்தில் டேக் நம்பர் (உறுதிப்படுத்த எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்) எனக்கு வரட்டும் என்று அம்மாவின் கணக்குகளுக்கெல்லாம் என் எண்ணையே கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு செயலியில் எனக்காகப் பதியப் போனால், இந்த எண் ஏற்கெனவே இன்னொருவர் பெயரில் இருக்கிறது என்கிறது. அந்த இன்னொருவர் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். அதைப் பிரித்து மாற்ற உதவி எண்ணுக்கு மூன்று தடவை அழைத்தேன். மூன்றாவது தடவை பதில் கிடைத்தது: நேரில் வாருங்கள். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், பெற்றோருக்கு மலிவான ப்ரீபெய்ட் சிம் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

இந்த விஷயத்தில் கோவிட் காலத்துச் செயலியான மைசெஜாத்தெராவைப் பாராட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் வந்தபோது எல்லாரும் திட்டித் தீர்த்தோம். ஆனால் வீட்டில் இருப்பவரை என் கணக்கின் கீழ் சார்ந்தவராகச் சேர்க்க அதில் ஒரு வழி இருந்தது. அம்மாவின் தடுப்பூசித் தேதியும் சான்றிதழும் என் போனிலேயே வந்தன. மகன் அம்மாவுக்காகச் செய்கிறான் என்பதைக் கள்ளத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2022 மே முதல் தேதியோடு கடை வாசல்களில் ஸ்கேன் செய்வது நின்றது, செயலியையும் மறந்துபோனோம். அதற்குப் பிறகு நான் தொட்ட பல செயலிகளில் அந்த வழியைக் காணோம். அங்கெல்லாம் நான் அம்மாவாக நடிக்கிறேன்.

சரி, செயலி வேண்டாம், நேரிலேயே போகலாம் என்றால் அங்கே கட்டைவிரல் கருவி இருக்கிறது. மைகார்டு என்கிற இந்த ஐசியின் சிப்பில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் பதிந்திருக்கும். கருவியில் விரலை வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கும். அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். கத்தியும் பாலும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஒரு கவுண்டரில் வலது விரல், இடது விரல், மறுபடி வலது. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் நல்ல பிள்ளை, ஈரத் துணி கொடுத்தார், துடைத்துப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அம்மாவிடம் மெல்ல, "நெத்தியில தேய்ச்சு வைங்கம்மா" என்றார். நெற்றி எண்ணெய்ப் பசை ஒட்டினால் ரேகை தெரியுமாம். அம்மா விபூதிக்குக் கீழே விரலைத் தேய்த்து வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து கருவியைப் பார்த்தாலே அம்மாவின் கை நெற்றிக்குப் போய்விடுகிறது.

இத்தனை வருடத்தில் அம்மா யார் உதவியும் இல்லாமல் பயன்படுத்திய டிஜிட்டல் சேவை ஒன்றே ஒன்றுதான். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும் அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான சாரா உதவித் திட்டத்தில் 100 ரிங்கிட் கொடுத்தார்களே, அது. சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, அந்த ஆண்டுக் கடைசி வரை செலவு செய்யலாம் என்றிருந்தது. விண்ணப்பம் இல்லை, பதிவு இல்லை, கடவுச்சொல் இல்லை. பணம் ஐசி எண்ணோடு சேர்ந்திருக்கும். கடையில் அரிசி, எண்ணெய், பிஸ்கட் எடுத்து, கவுண்டரில் ஐசியைக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். நான் கூடவே போனேன், ஆனால் தள்ளி நின்றேன். அம்மா பர்ஸைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஐசியை எடுத்து நீட்டினார். கேஷியர் கருவியில் செருகினார். பட்டியலில் சேராத ஊதுவத்தியைத் தனியாக எடுத்து வைக்க, அம்மா அதற்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். முடிந்தது.

2001-ல் வந்த மைகார்டு இது. இத்தனை வருடமாக அந்தச் சிப் பெரும்பாலும் பர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்த பிறகு பெட்ரோல் நிலையத்திலும் அதே அட்டைதான். வந்தபோது ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியருக்கு லிட்டர் 1.99 ரிங்கிட். தகுதி யாருக்கு என்பது அரசாங்கத்திடமே இருக்கும் தகவல். அதை ஜனங்கள் மறுபடி தட்டச்சு செய்து நிரூபிக்க வேண்டியதில்லை. இதில் நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான். வேலை கணினிக்குள்ளே நடக்கிறது, அம்மாவின் விரலில் நடக்கவில்லை.

இதிலும் ஓட்டை இருக்கிறது. எங்கள் பிளாக் கீழேயிருக்கும் தமிழர் மளிகைக் கடையில் அந்தக் கருவி இல்லை. முப்பது வருட வாடிக்கையை விட்டுவிட்டு அம்மா பேரங்காடிக்குப் போனார். கடைக்காரர் அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா வீம்புக்கு அவரிடம் ஒரு கிலோ வெங்காயம் கூடுதலாக வாங்கிச் சமாதானம் செய்தார்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. சனிக்கிழமை வருகிறவர்கள் போனைத் திறந்து என் கையில் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். வங்கிச் செயலி, டேக் நம்பர், எல்லாம் திறந்த வீடு. என்னிடம் கொடுத்துப் பழகியவர்கள் நாளைக்கு இனிமையாகப் பேசும் வேறு யாரிடமும் கொடுப்பார்கள். உதவித்தொகை என்று வந்த லிங்கைத் தட்டி, ஏதோ ஒரு செயலியை இறக்கிக்கொண்ட பிறகு பெரியம்மா ஒரு தடவை என்னிடம் வந்தார். நல்ல வேளை, கணக்கில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இப்போது யார் போனையும் நான் கையில் வாங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எதைத் தட்ட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. மாமாவுக்கு இதில் கோபம்: "நீயே பண்ணிட்டா ரெண்டு நிமிஷம்தானே தம்பி!"

அம்மாவின் கடவுச்சொற்கள் சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் நாட்காட்டியின் பின்பக்கம், என் கையெழுத்தில் இருக்கின்றன. பாதி மாறிவிட்டன. அதே ஆணியில் அன்றைய பேரங்காடி ரசீதையும் குத்தி வைத்திருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "இன்னும் முப்பத்தேழு வெள்ளி நாப்பது காசு இருக்கு" என்று சாராவில் மிச்சமிருந்த ரிங்கிட்டைச் சொன்னார். எனக்குச் சந்தேகம். போனை எடுத்து அவருடைய ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்தேன். 37.40.